பார்ட் த்ரீக்கு முந்திய இரண்டு வருடம்: பெரிய ஆபீசா, கடைவீட்டு மாடியா?

சுங்கை பட்டாணியிலிருந்து, கட்டடக்கலை படித்து முடித்த ஒரு தங்கச்சி போன மாதம் இரண்டு ஆஃபர் லெட்டரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். "அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். எதுல சேரட்டும்?" ஒன்று கோலாலம்பூரில் இருநூறு பேருக்கு மேல் வேலை பார்க்கிற பெரிய ஆபீஸ், சம்பளம் 2,900 வெள்ளி. இன்னொன்று ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடி, முதலாளியோடு சேர்த்து ஐந்து பேர், 2,400 வெள்ளி. இதே கேள்வியை வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பித் தொண்டை கட்டியதுதான் மிச்சம், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

விஷயம் தெரியாமல் படிக்கிற அப்பா அம்மாக்களுக்கு ஒரு பத்தி. மலேசியாவில் கட்டடக்கலையில் இளங்கலை முடித்தால் பார்ட் ஒன், முதுகலை முடித்தால் பார்ட் டூ. அப்புறம் லாம், அதாவது 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் கட்டடக் கலைஞர் வாரியத்தில், பட்டதாரிக் கட்டடக் கலைஞராகப் பதிய வேண்டும். அங்கிருந்து இரண்டு வருடப் பயிற்சி, அதை லாக் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்குவது, பிறகு பார்ட் த்ரீ எழுத்துத் தேர்வு, நேர்முகம். எல்லாம் தேறினால்தான் பெயருக்கு முன்னால் அந்த "ஏஆர்" வரும். பாம் என்று ஒன்று இருக்கிறது, அது தொழில்முறைச் சங்கம். லாம்தான் உரிமம் கொடுக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான இடத்துக்கு ஈமெயில் அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டில் சித்தி "எங்க பொண்ணு ஆர்க்கிடெக்ட்" என்று அறிமுகப்படுத்துவாளே, பார்ட் டூ மட்டும் முடித்த பெண்ணுக்குச் சட்டப்படி அந்தப் பட்டம் இன்னும் கிடையாது. சித்தியைத் திருத்த வேண்டாம், ஆனால் உங்கள் லிங்க்ட்இன் பக்கத்தைத் திருத்துங்கள்.

எதை வைத்து எடைபோடுவது

எல்லாரும் முதலில் சம்பளத்தைப் பார்க்கிறார்கள், அடுத்தது ஆபீசின் பெயர். நான் முதலில் கேட்பது கையெழுத்தைப் பற்றித்தான்.

லாக் புக்கில் கையெழுத்துப் போடுகிறவர் பதிவுபெற்ற தொழில்முறைக் கட்டடக் கலைஞராக இருக்க வேண்டும், உங்கள் வேலையை மேற்பார்வை பார்த்தவராகவும் இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் "சீனியர் ஆர்க்கிடெக்ட்" என்று கார்டு வைத்திருக்கிற உங்கள் டீம் லீடர் பல இடங்களில் இன்னும் பார்ட் டூவிலேயே நிற்கிறவராக இருப்பார். உண்மையில் கையெழுத்துப் போட வேண்டியவர் இரண்டு மாடி மேலே உட்கார்ந்திருக்கும் டைரக்டர், அவருக்கு உங்கள் பெயரே தெரியாது. என் கதை இதுதான்: முதல் வேலையில் ஐந்து மாதம் லாக் புக்கைக் காட்டாமலே ஓட்டினேன், எல்லாம் சேர்த்து ஒரே நாளில் வாங்கிக்கலாம் என்று. அந்த டைரக்டர் திடீரென்று வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர், "நான் பார்க்காத வேலைக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். பழையவரைத் தேடி ஃபோன் போட்டேன், இரண்டு தடவை எடுத்தார், அப்புறம் எடுக்கவில்லை. அந்த ஐந்து மாதம் போனது போனதுதான்.

இரண்டாவது, கட்டங்கள். முதல் ஸ்கெட்ச், நகராண்மைக் கழகத்துக்குப் பிளான் அனுப்புவது, டெண்டர் ட்ராயிங், டெண்டர், சைட், முடிவில் சிசிசி, அதாவது கட்டி முடித்தாயிற்று, குடிபுகலாம் என்கிற சான்றிதழ். இரண்டு வருடத்தில் இதில் எத்தனையை நீங்கள் கையால் தொடுவீர்கள்? இங்கே ஒரு கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதில்லை. வீடமைப்புச் சட்டத்தின் கீழ் போடும் ஒப்பந்தத்தில், கொண்டோவைக் கட்டிச் சாவி கொடுக்க மேம்பாட்டாளருக்கு உள்ள கெடு 36 மாதம், தரை வீடு என்றால் 24 மாதம். அதுவும் வாங்குகிறவர் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து. அதற்கு முன்னால் பிளான் அனுமதிக்கு ஓடிய மாதங்கள் தனி. உங்கள் லாக் புக்குக்கு இருப்பதோ 24 மாதம். ஆக, 40 மாடிக் கொண்டோவில் உங்களை உட்கார வைத்தால், எவ்வளவு நல்ல ஆபீசாக இருந்தாலும் நடுவில் ஒரு துண்டைத்தான் பார்ப்பீர்கள்.

மூன்றாவது சைட். நாலாவது பணம், ஆனால் கழித்தது போக மிஞ்சுகிற பணம். ஐந்தாவது, படிக்க நேரம். 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டட உபசட்டம், தெரு-வடிகால்-கட்டடச் சட்டம், கான்ட்ராக்டரோடு போடுகிற பாம் சங்கத்தின் ஒப்பந்தப் படிவமான பாம் ஒப்பந்தம், 2012-இல் வந்த சிப்பா என்கிற கட்டுமானப் பணம் செலுத்தல் சட்டம், இதையெல்லாம் இரவு பதினோரு மணிக்கு வீடு வந்து எவரும் படித்ததில்லை. புத்தகம் முகத்தில் விழும், அவ்வளவுதான்.

கோலாலம்பூர், பெரிய ஆபீஸ்

நான் ஆரம்பித்த இடம் இந்த மாதிரி ஒன்றுதான், அதனால் நல்லதையும் சொல்கிறேன். ரெவிட் மென்பொருளும், கட்டடத்தைக் கணினியில் மாதிரியாகக் கட்டுகிற பிம் முறையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அங்கேதான். ஒரு ட்ராயிங் வெளியே போவதற்கு முன் மூன்று பேர் பார்ப்பார்கள், சிவப்பு மையால் கிழித்துத் தருவார்கள், அந்தச் சிவப்பு மை எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது. மின், இயந்திர இஞ்சினியர்களோடு சீலிங்குக்கு மேலே எந்தக் குழாய் எதைத் தாண்டிப் போவது என்று மணிக்கணக்கில் அடித்துக்கொள்வதும் ஒரு படிப்புதான். மருத்துவமனை, மால், ரயில் நிலையம் மாதிரிப் பெரிய வேலைகளைச் சின்ன ஆபீசில் பார்க்கவே முடியாது.

ஆனால் பதினோரு மாதம் நான் குளியலறை வரைந்தேன். மிகைப்படுத்தவில்லை. ஒரே கொண்டோ, ஏ முதல் எஃப் வரை ஆறு வகை வீடு, வகைக்கு இரண்டு குளியலறை. டைல் எந்த மூலையிலிருந்து ஆரம்பிக்கும், தண்ணீர் இறங்குகிற ஃப்ளோர் ட்ராப் டைலின் நடுவில் விழுகிறதா ஓரத்தில் விழுகிறதா, வாசலில் தரை எத்தனை மில்லிமீட்டர் இறங்கும். தூக்கத்திலும் சாம்பல் நிறச் சதுரங்கள் வந்தன. அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது, கூட்டரசு நெடுஞ்சாலையில் போகும்போது தூரத்தில் தெரியும், என் வீட்டுக்காரரிடம் காட்டி "உள்ளே இருக்கிற கக்கூஸ் எல்லாம் நான்தான்" என்று சொல்வேன். ஆனால் லாக் புக்கில் டெண்டர், சைட், சான்றிதழ் பக்கமெல்லாம் வெள்ளையாகவே கிடந்தது. பெரிய ஆபீசில் வேலையைப் பிரித்துப் பிரித்துத்தான் கொடுப்பார்கள். ஒருவர் ஒரு விஷயத்தைச் செய்தால் வேகமாக முடியும், அது அவர்களுக்கு லாபம். சமர்ப்பிப்புக்கு ஒரு டீம், சைட்டுக்கு வேறு ஒரு டீம். நீங்களாக வாய்திறந்து கேட்காவிட்டால் யாரும் மாற்றி விடமாட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவு, ஓவர்டைம். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் வாரத்துக்கு 45 மணி நேரம்தான், மாதம் 4,000 வெள்ளியும் அதற்குக் கீழும் வாங்குகிறவர்களுக்கு அதற்கு மேல் வேலை வாங்கினால் ஓவர்டைம் கொடுக்க வேண்டும். புதிய பட்டதாரிகள் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்தான் வருகிறார்கள். ஆனால் நம் தொழிலில் இதைக் கேட்டால் ஏதோ கெட்ட வார்த்தை பேசியது மாதிரிப் பார்ப்பார்கள். நேர்காணலிலேயே கேளுங்கள், மரியாதையாக, ஆனால் கேளுங்கள்.

யாருக்கு இது சரி? மாஸ்டர்ஸ் முடித்தும் டெக்னிகல் ட்ராயிங்கில் கை நடுங்குகிறவர்களுக்கு. பெரிய, சிக்கலான கட்டடங்கள்தான் வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்தவர்களுக்கு. அப்புறம், ஏற்கெனவே டெண்டரை எட்டிய ஒரு நடுத்தர வேலையில் உங்களைப் போடப் போகிறார்கள் என்றால், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தொழிற்சாலை மாதிரி, தைரியமாகப் போகலாம். ஆபீஸ் பெரிதாக இருந்தாலும் வேலையின் அளவு சரியாக இருந்தால் எல்லாமே கிடைத்துவிடும்.

பினாங்கு, கடைவீட்டு மாடி

ஜார்ஜ்டவுன் 2008-இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மையப் பகுதியும் சுற்றுப் பகுதியும் சேர்த்து ஏறக்குறைய 259 ஹெக்டேர், அதற்குள் ஐயாயிரத்துக்கு மேல் பழைய கட்டடங்கள், பெரும்பாலும் கடைவீடுகள். உயரத்துக்கு 18 மீட்டர் வரம்பு இருப்பதால் கோபுரம் கட்டுகிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை. பழுதுபார்ப்பு, உள்ளே மாற்றம், புதிய உபயோகம் என்று சின்னச் சின்ன வேலைகள்தான் ஓடும், அதை எடுப்பதும் சின்ன ஆபீசுகள்தான். லாக் புக்குக்கு இது வரம். ஒரு கடைவீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிற வேலை எல்லாம் ஒழுங்காகப் போனால் ஒன்றரை வருடத்துக்குள் ஆரம்பித்து முடியும், நீங்கள் அளவெடுத்த அதே கட்டடத்தில் சிசிசி வருகிற வரைக்கும் நிற்கலாம்.

என் இரண்டாவது வேலை அங்கே. முதல் நாளே முதலாளி லேசர் அளவியையும் பழைய டார்ச்சையும் கையில் கொடுத்து, லெபோ பசார் பக்கம் ஒரு கடைக்கு அனுப்பினார். கீழே மசாலாக் கடை, மேலே முப்பது வருடமாகப் பூட்டிக் கிடந்த அறைகள். மறுநாள் அவரும் வந்தார். சுவரில் விரல் முட்டியால் தட்டினார், ஒரு இடத்தில் கெட்டியான சத்தம், இன்னொரு இடத்தில் காலி டப்பா மாதிரி. காலி சத்தம் வந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தியதும் பூச்சு அப்பமாக உதிர்ந்தது, பின்னால் செங்கல் ஈரமாக, வெள்ளை உப்புப் பூத்துக் கிடந்தது. யாரோ எண்பதுகளில் சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிமெண்ட் பூசிவிட்டார்கள் என்றார். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்பு அதை மூச்சு விட்டு வெளியேற்றும். சிமெண்ட் மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே நின்று, உப்பு செங்கலின் மேல்தோலைத் தள்ளி உடைக்கும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். அந்த உப்பை நாக்கில் வைத்துப் பார் என்று அவர் சொல்லி நான் வைத்துப் பார்த்ததிலிருந்து மறக்கவில்லை. (தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள், என்னென்னவோ இருக்கும்.)

அங்கே இன்னொன்றும் கற்றேன், பாம் ஒப்பந்தத்தை. கான்ட்ராக்டர் வேலை தாமதமானதற்கு மழையைக் காரணம் காட்டி அவகாசம் கேட்டு, கைபேசியில் மழைப் படமாகக் காட்டிக்கொண்டிருந்தார். முதலாளி பதில் சொல்லாமல் என்னைப் பார்த்து, "நோட்டீஸ் எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். 28 நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சாதாரண மழை போதாது, வழக்கத்துக்கு மிஞ்சிய மழையாக இருக்க வேண்டும், அதற்கு வானிலைத் துறையின் பதிவு வேண்டும் என்பதும். கடைசியில், வேலை முடியவில்லை என்ற சான்றிதழ் கொடுக்காமல் தாமதத் தொகையைப் பிடிக்கக் கூடாது என்பதும். நேர்முகத்தில் இதே மாதிரி ஒரு சூழ்நிலையைக் கேட்டார்கள், நான் அந்த மழைப் படத்தை நினைத்துக்கொண்டே பதில் சொன்னேன்.

சிசிசியும் அப்படித்தான். 2007 ஏப்ரல் 12-க்கு முன் குடிபுகு சான்றிதழை நகராண்மைக் கழகம் கொடுத்தது. அதற்குப் பிறகு சமர்ப்பிக்கிற தொழில்முறையாளர், அதாவது பிஎஸ்பி, தன் பெயரைப் போட்டுக் கொடுக்கிறார். ஜி1 மண் வேலை முதல் ஜி21 நிலவனப்பு வரை 21 படிவம், ஒவ்வொன்றிலும் செய்தவரும் பொறுப்பான தொழில்முறையாளரும் கையெழுத்துப் போட்டு வர வேண்டும். ஜி9, அதாவது தீயணைப்புக் கருவிகள் சம்பந்தப்பட்ட படிவத்துக்காக ஒரு துணைக் கான்ட்ராக்டரைத் தேடி புக்கிட் மெர்தாஜாம் வரைக்கும் பைக்கில் போனேன். பெரிய ஆபீசில் இதற்கென்று ஒரு ஆள் இருப்பார், நீங்கள் அந்தப் படிவத்தை வாழ்க்கையில் பார்க்காமலே தேர்வுக்குப் போவீர்கள்.

இனி இருண்ட பக்கம். சின்ன ஆபீசில் கையெழுத்து ஒரே ஒரு கையில் இருக்கிறது. அவருக்கு உடம்பு முடியாமல் போனால், ஆபீசை மூடினால், உங்களோடு மனஸ்தாபம் வந்தால் வேறு ஆள் கிடையாது. வாடிக்கையாளர் பணம் கட்டாத மாதம் சம்பளம் ஏழாம் தேதிக்கோ பத்தாம் தேதிக்கோ தள்ளும். ஈபிஎஃப் சேமநிதியை ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று மூன்றாவது மாதமே உங்கள் கணக்கில் பார்த்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலை இல்லாத மாதங்களில் நீங்கள் ரெண்டர், அதாவது கட்டடத்தின் கணினிப் படம், போடுவீர்கள், முதலாளியின் அண்ணன் மகளுக்குக் கல்யாண அட்டை டிசைன் பண்ணுவீர்கள், லாக் புக்கில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அப்புறம், ஒரே முதலாளியின் கெட்ட பழக்கங்களையெல்லாம் நல்ல பழக்கம் என்று நினைத்துக் கற்றுக்கொள்கிற ஆபத்தும் உண்டு. என் முதலாளி ட்ராயிங்குக்குத் திருத்த எண் போடவே மாட்டார். அந்த வியாதி எனக்கும் தொற்றி, மூன்றாவது ஆபீசில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இது யாருக்குச் சரி என்றால், சைட்டில் நிற்கப் பயப்படாதவர்களுக்கு, கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறவர்களுக்கு, பிற்பாடு சொந்தமாகப் போர்டு மாட்ட நினைக்கிறவர்களுக்கு. ஒரு நிபந்தனை: நீங்கள் சேருகிற நேரத்தில் குறைந்தது ஒரு வேலையாவது சைட்டில் இருக்க வேண்டும், அல்லது மூன்று மாதத்துக்குள் சைட்டுக்குப் போவதாக இருக்க வேண்டும்.

அரசு வேலை

ஜேகேஆரில், அதாவது பொதுப்பணித் துறையில், சேர்ந்து லாக் புக் எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஐந்து மணிக்கு வீடு, நிலையான சம்பளம், படிக்க நேரம், இந்த மூன்றிலும் இதை யாரும் அடிக்க முடியாது. குழந்தை இருக்கிறவர்களுக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் எஸ்பிஏ என்கிற பொதுச் சேவை ஆணையம் வழியாக விண்ணப்பித்துக் காத்திருப்பது மாதக் கணக்கில் போகும், எங்கே போடுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை, ஒப்பந்தப் படிவமும் வேறு. அங்கே 203ஏ, வெளியே பாம். தேர்வுக்கு இரண்டும் தெரிந்திருப்பது நல்லது, எனவே தனியார் ஒப்பந்தத்தை வெளியே உள்ள நண்பர்களிடம் உட்கார்ந்து கற்க வேண்டிவரும். வரைவதற்கு வெளி ஆபீசை அமர்த்தியிருக்கிற வேலைகளில் நீங்கள் மேற்பார்வைதான் பார்ப்பீர்கள், பென்சில் துருப்பிடிக்கும்.

மேம்பாட்டாளரிடம் நேராகச் சேருவதும் இதே குடும்பம்தான். சம்பளம் அதிகம், ஆனால் மேலே பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் இல்லாவிட்டால் லாக் புக்குக்குக் கையெழுத்தே கிடையாது. பார்ட் த்ரீ முடித்துவிட்டுப் போங்கள்.

சிங்கப்பூர்

ஜோகூரில் வீடு இருப்பவர்களுக்கு இந்த ஆசை வராமல் இருக்காது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு இங்கே மூன்று வெள்ளிக்கு மேல்; அங்கே ஒரு வருடம் இருந்தால் பிடிபிடிஎன் படிப்புக் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். கடன் அடையும், அது உண்மை. ஆனால் அங்கே நீங்கள் கற்பது யூஆர்ஏ, பிசிஏ, கோர்நெட், டிஓபி, சிஎஸ்சி என்று அந்த நாட்டு அமைப்புகளையும் சான்றிதழ்களையும். இங்கே தேர்வில் கேட்பது ஓஎஸ்சி என்கிற ஒரே இடத்து அனுமதி மையம், கெபெனாரான் மெரான்சாங் என்கிற திட்டமிடல் அனுமதி, தீயணைப்புத் துறையான பொம்பா, கழிவுநீரைப் பார்க்கிற ஐடபிள்யூகே, சிசிசி. பொறுப்பேற்றுச் சமர்ப்பிக்கிறவர் அங்கே கியூபி, இங்கே பிஎஸ்பி. தலைக்குள் இரண்டு நாட்டுச் சட்டமும் கலந்து, நேர்முகத்தில் தவறான நாட்டின் பதிலைச் சொன்னவர் ஒருவரை எனக்குத் தெரியும். வெளிநாட்டு மாதங்களில் எத்தனையைக் கணக்கில் எடுப்பார்கள் என்று போவதற்கு முன்பே லாமிடம் எழுத்தில் கேட்டு, அந்த ஈமெயிலைப் பத்திரமாக வையுங்கள். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் காலையும் மாலையும் நிற்கிற மணிகளையும் சேர்த்தால், படிக்கிற நேரம் பூஜ்யம். கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் போங்கள், ஆனால் பார்ட் த்ரீயைத் தள்ளிப்போடுகிறேன் என்று தெரிந்தே போங்கள்.

ஒரு பார்வையில் வேண்டும் என்பவர்களுக்கு:

| | பெரிய ஆபீஸ் | கடைவீட்டு ஆபீஸ் | அரசு | சிங்கப்பூர் |
|---|---|---|---|---|
| கையெழுத்து | பலர் உண்டு, எட்டாத உயரத்தில் | ஒருவர்தான், பக்கத்து மேசையில் | உண்டு, இடமாற்றம் வந்தால் சிக்கல் | முதலில் லாமிடம் கேட்கவும் |
| கட்டங்கள் | துண்டு துண்டாக | முழுசாக, வேலை இருந்தால் | மேற்பார்வை அதிகம் | முழுசாகவும் கிடைக்கும், வேறு சட்டம் |
| சைட் | கேட்டு வாங்க வேண்டும் | தப்பிக்க முடியாது | உண்டு | ஆபீசைப் பொறுத்தது |
| மிஞ்சும் பணம் | வாடகை தின்றுவிடும் | வீட்டிலிருந்து போனால் நல்லது | நிதானம் | அதிகம் |
| படிக்க நேரம் | குறைவு | மாதத்துக்கு மாதம் மாறும் | நிறைய | இல்லை |

பணக் கணக்கு, கொஞ்சம் நிதானமாக

தங்கச்சியின் இரண்டு கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். 2,900-இல் ஈபிஎஃப் 11 விழுக்காடு போனால் 2,581. அறை வாடகை 700, ரேபிட் கேஎல்லுக்கு மை50 பாஸ் 50 வெள்ளி. மிச்சம் 1,831, அதிலிருந்து மூன்று வேளைச் சாப்பாடு. அந்தப் பக்கம் 2,400-இல் ஈபிஎஃப் போனால் 2,136. அவளுடைய வீடு சுங்கை பட்டாணியில், கொமூட்டரில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரியில் ஜார்ஜ்டவுன். போக்குவரத்துக்கு இருநூறு வைத்தாலும் 1,936 நிற்கிறது, இரவுச் சாப்பாடு அம்மா கையால். ஆக 500 வெள்ளி குறைவான சம்பளம், 105 வெள்ளி அதிகமான மிச்சம். ஃபெரியில் உட்கார்ந்து உபசட்டம் படிக்கலாம் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, ஆனால் நான் பாதித் தேர்வுக்கு அப்படித்தான் படித்தேன். வீடு கிள்ளானிலோ காஜாங்கிலோ இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும், அப்போது பெரிய ஆபீசுக்குத்தான் பணக் கணக்கு சாயும்.

இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக

ஒரே ஆபீசில் இரண்டு வருடத்தையும் ஓட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் முதலில் சின்னது, அப்புறம் பெரியது. சின்ன ஆபீசில் ஒரு கட்டடத்தை முழுசாகப் பார்த்தவருக்குப் பெரிய ஆபீசில் கொடுக்கிற துண்டு எங்கே பொருந்துகிறது என்று புரியும். தலைகீழாகச் செய்த நான், குளியலறையிலிருந்து கட்டடத்தைக் கற்றேன். ஆனால் மாறுகிற போது ஒரு விஷயம்: முதலில் லாக் புக்கை அன்றைய தேதி வரைக்கும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அடுத்த நாள் ராஜினாமாக் கடிதம் கொடுங்கள். வரிசையை மாற்றிச் செய்தவர்களின் கையெழுத்து மாதக் கணக்கில் இழுத்திருக்கிறது, மனிதர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான், ஆனால் போகிறவர்களுக்கு எவரும் அவசரப்பட்டு எதையும் செய்வதில்லை.

நேர்காணலில் நான் கேட்கச் சொல்வது நாலே கேள்வி. என் லாக் புக்கில் யார் கையெழுத்துப் போடுவார்கள், அவர் எங்கே உட்காருகிறார்? என்னை எந்த வேலையில் போடப் போகிறீர்கள், அது இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? போன மூன்று வருடத்தில் இங்கிருந்து யாராவது பார்ட் த்ரீ தேறியிருக்கிறார்களா? தேர்வுக்கு முன்னால் லீவு கொடுப்பீர்களா? மழுப்புகிறவர்களைப் பார்த்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

தங்கச்சி இந்த நாலையும் இரண்டு இடத்துக்கும் அனுப்பினாள். நான் உள்ளூர பினாங்கு பக்கம்தான் சாய்ந்திருந்தேன், அதை மறைக்கவும் இல்லை. பினாங்கு முதலாளி அன்றைக்கே கூப்பிட்டுப் பேசினார், நல்ல மனிதர், உண்மையைச் சொன்னார்: சைட்டில் இருந்த ஒரே வேலை அடுத்த மாதம் முடிகிறது, அடுத்தது இன்னும் பிளான் அனுமதிக்கே போகவில்லை. கோலாலம்பூரில் இருந்து மூன்று நாள் கழித்துத்தான் பதில் வந்தது. ஆனால் அவளைப் போடப் போவது ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில், டெண்டர் முடிந்துவிட்டது, கான்ட்ராக்டர் அடுத்த மாதம் சைட்டுக்குள் நுழைகிறார், டீமை நடத்துகிற பெண்மணி பார்ட் த்ரீ முடித்தவர், அதே வரிசையில் உட்காருகிறார். சரி, என் சாய்வை நானே மூட்டை கட்டினேன்.

இப்போது செந்தூல் பக்கம் அறை தேடிக்கொண்டிருக்கிறாள். 700 வெள்ளிக்குள், எல்ஆர்டிக்கு நடந்து போகிற தூரத்தில், சமைக்க விடுகிற வீடாக யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.